வாசிக்கப்பட்டபடி

“முப்பத்தொன்று. ஜட்கா வண்டிக் குதிரைகளுக்காக மாநகராட்சி கட்டியுள்ள தண்ணீர்த் தொட்டிகளில் மனிதர்கள் குளிப்பதும் துணி துவைப்பதும் தடைசெய்யப்படுகிறது” என்று சங்கரவடிவு மைக்கில் படித்து நிறுத்தினாள். தலைவர் பொன்னுலிங்கம் கண்ணைத் திறக்காமலே “உம்” என்றார். அவள் “முப்பத்திரண்டு” என்று தொடங்கியதும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த கண்காணிப்பாளர் ஞானசிகாமணி ரப்பர் முத்திரையைத் தூக்கி முப்பத்தொன்றின்மேல் டொக்கென்று குத்தினார். ஊரில் ஜட்காவும் இல்லை, குதிரையும் இல்லை, தொட்டி இருந்த இடத்தில் ரீசார்ஜ் கடை வந்து அதுவும் போய் இப்போது மோமோ விற்கிறார்கள். ஆனாலும் முப்பத்தொன்று இன்னும் ஒரு வருஷத்துக்கு ஆயுசு வாங்கிக்கொண்டது. தென்குளம் மாநகராட்சியின் உபவிதிகள் ஐம்பத்திரண்டும் இப்படித்தான் பிழைத்துக்கிடக்கின்றன. ஆடி முடிவதற்குள் ஒரு நாள், சீராய்வுக் குழுவென்று ஏழு பேர் மேல்மாடிக் கூட்ட அறையில் உட்காருவார்கள். விதி எண் ஒன்று என்ன சொல்கிறதென்றால், எல்லா விதிகளும் ஒரே அமர்வில் வாசிக்கப்பட வேண்டும், முடியும்வரை கதவு திறக்கக்கூடாது, நடுவில் ஒருவர் எழுந்துபோனாலும் முதலிலிருந்து மறுபடி வாசிக்க வேண்டும். வாசிப்பவர் வாசிக்க, தலைவர் உம் என்க, வாசிப்பவர் அடுத்த எண்ணைச் சொன்ன கணத்தில் முந்தியது நிறைவேறிவிடும். அப்புறம் டொக். முத்திரையில் இரண்டே வார்த்தை: ‘வாசிக்கப்பட்டபடி நீடிக்கிறது’. எந்தக் காலத்தில் எந்த மகராசன் எழுதிவைத்த ஏற்பாடோ, தலைவர்கள் மாறினார்கள், கட்சிகள் மாறின, நகராட்சி மாநகராட்சியானது, உம் மட்டும் மாறவில்லை.

முப்பத்திரண்டு, வீதியில் வாழையிலை போடுவது. வாய் தன் பாட்டுக்குப் படித்துக்கொண்டு போயிற்று. பதினோரு வருஷப் பழக்கம், செக்குமாட்டுக்குக் கண் எதற்கு. வாய் வாழையிலையில் இருக்க மனசு எண்ணிக்கொண்டிருந்தது, இன்னும் பதினைந்து, பதினைந்து படித்தால் நாற்பத்தேழு வந்துவிடும், வராமலா போகும், எண்கள் என்ன மனுஷர்களா வழியில் யாரையாவது பார்த்துப் பேசிக்கொண்டு நின்றுவிட. “உம்.” “முப்பத்துமூன்று.” டொக். பதினான்கு. ஏசி சொட்டுகிற தண்ணீருக்கு மூலையில் ஒரு பெயின்ட் வாளி வைத்திருந்தார்கள், அதில் சொட்டு விழுகிற சத்தமும் முத்திரை சத்தமும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. மைக்கின் பஞ்சு உறையில் போன கூட்டத்தில் பேசினவர்களின் வெற்றிலை வாசம். அவள் குரல் ஏற்கெனவே சின்னக் குரல். “எம்மா, உன் மைக்குக்கு ஒரு மைக்கு வைக்கணும் தாயி” என்று எட்டாவது வார்டு கவுன்சிலர் மெகபூப் பீவி காலையிலேயே சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள், இவளும் சிரித்தாள். சின்னக் குரலாக இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு என்பது யாருக்குத் தெரியும். சின்னக் குரலில் சொன்னதைச் சொன்னேன் என்றும் சொல்லிக்கொள்ளலாம், யாரும் கேட்கவில்லை என்றும் சொல்லிக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் வாசல் இருக்கிற வீடு மாதிரி. ஆனால் இன்றைக்கு இரண்டு வாசலையும் யாரோ வெளியே தாழ் போட்டுவிட்டார்கள். நாற்பத்தேழை இன்றைக்கு வாசித்து முடித்தால் திங்கட்கிழமை காலை கால்வாய்க்கரைத் தெருவில் முப்பத்தாறு வீட்டுக் கதவிலும் நோட்டீஸ் ஒட்டுவார்கள். நோட்டீஸ் அச்சாகி வந்துவிட்டது. கீழே நகரமைப்புப் பிரிவு மேஜையில் கட்டாக இருந்ததை அவளே பார்த்தாள், பசை டப்பாகூட பக்கத்தில் இருந்தது. அந்த நாற்பத்தேழைக் கெடுத்தவள் அவள். ஒரே ஒரு எழுத்தால்.

“முப்பத்தைந்து. மாநகராட்சி எல்லைக்குள் தெருநாய்களுக்கு…” எங்கே முப்பத்துநான்கு? படித்தாயிற்றா? டொக் கேட்டதே, படித்துத்தான் இருக்கிறாள். வாய் அவளிடம் சொல்லாமலே வேலை பார்த்துவிட்டது. அப்படித்தான் அன்றைக்குக் கையும் அவளிடம் சொல்லாமல் வேலை பார்த்தது. பதினோரு வருஷத்துக்கு முந்தின கோடை. பகலில் எட்டு மணி நேரம் கரண்ட் இல்லாத காலம். எப்போது போகும், எப்போது வரும் என்பது ஒரு ஜோசியம். அவள் புருஷன் போய்ச் சேர்ந்து ஐந்து மாதம். கண்காணிப்பாளர் ஞானசிகாமணிதான் ஆள் வைத்துச் சொல்லி, தொகுப்பூதியத்தில் தட்டச்சு வேலை வாங்கிக் கொடுத்திருந்தார். பழைய விதிப் புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். தாள்கள் அப்பளம் மாதிரி. தொட்டால் ஓரம் நொறுங்கும். நாற்பத்தாறைத் தட்டி முடித்தபோது கரண்ட் போயிற்று. மேஜைக்கடியில் யுபிஎஸ் பெட்டி கீங் கீங் என்று கத்த ஆரம்பித்தது, இன்னும் ஐந்து நிமிஷம், நாலு நிமிஷம். வியர்வை புருவத்திலிருந்து கண்ணுக்குள் இறங்குகிறது, தாளில் எழுத்து தெரியவில்லை, அறை முழுக்க எல்லோரும் விளக்கு எப்ப வரும், விளக்கு எப்ப வரும் என்றுதான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ‘மேற்கண்ட விதியின்கீழ் வரும் கால்வாய்க்கரைத் தெருவின் முப்பத்தாறு வீடுகளுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்படும்’ என்று தாளில் இருந்தது. கால்வாய் ஓரத்து ஆக்கிரமிப்புகளை அகற்றலாம் என்பது நாற்பத்தாறு. அதில் இந்த வீடுகளைத் தொடக்கூடாது என்பது நாற்பத்தேழு. கை ‘விளக்கு’ என்று தட்டியது. சின்ன ல போட வேண்டிய இடத்தில் குண்டு ள. தாளில் இருந்ததைத் தட்டவில்லை, மனசில் இருந்ததைத் தட்டிவிட்டது. அவள் கவனிக்கவில்லை, எந்தப் பிழையானாலும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது தெரிந்துவிடும்தானே. “கரண்டு வந்ததும் ஒப்பிட்டுப் பாத்துக்கிடலாம் வடிவு, நீ இப்போதைக்குப் பிரின்ட் எடு” என்றார் ஞானசிகாமணி. கரண்ட் வந்தது, வேறு வேலையும் வந்தது. அடியில் ‘ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதி அவர் கையெழுத்துப் போட்டார். அந்த ஐப்பசியில் பதிவறைக் கூரை ஒழுகி, பழைய புத்தகம் மற்றதுகளோடு கூழாகி, துப்புரவு வண்டியில் போயிற்று. அப்புறம் உலகத்தில் அந்தச் சின்ன ல இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான். இவள் மண்டை.

“உம்.” “முப்பத்தாறு.” டொக். முப்பத்தாறு என்று சொன்னபோது நாக்கு இடறியது. விதி முப்பத்தாறு பன்றிகளைப் பற்றியது. ஆனால் முப்பத்தாறு என்றாலே அவளுக்கு அந்த விளக்குகள்தான். முதலில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை, அவளுக்கே தெரியவில்லை. மூன்றாம் வருஷம் தணிக்கைக்கு வந்தவர் ஒருவர், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு விதி விதியாகப் பார்த்தாராம். நாற்பத்தேழில் முப்பத்தாறு வீடுகளுக்கும் விளக்கு அளிக்கப்படும் என்றிருக்கிறதே, அளித்தீர்களா என்று எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார். அளிக்கவில்லை என்று பதில் எழுத யாருக்குத் தைரியம். மின்பொறியாளர் ஒரே வாரத்தில் ஆள் கூட்டிப்போய் வீட்டுக்கு ஒன்றாக முப்பத்தாறு கம்பம் நட்டார். இருநூறு அடி நீளம்கூட இல்லாத தெரு. கம்பத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் இரண்டு ஆள் கை நீட்டி நிற்க இடம் கிடையாது. ஊரில் பாதித் தெரு இருட்டில் கிடக்க, இந்தத் தெரு மட்டும் கல்யாண வீடு மாதிரி. பரீட்சை சமயத்தில் பக்கத்துத் தெருப் பிள்ளைகள் பாயோடு அங்கே வந்து படிக்கும். ‘பகல்தெரு’ என்று பெயரே வந்துவிட்டது. கோழிகள் நேரம் கெட்டுக் கூவுகின்றன என்று ஒரு மனுகூட வந்து, அதை அவள்தான் பதிவேட்டில் ஏற்றினாள். ஏற்றும்போதுதான், எதற்கு இந்தத் தெருவுக்கு மட்டும் என்று நாற்பத்தேழைத் திறந்து பார்த்தாள். குண்டு ள அவளைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது. அதற்கு இரண்டு கண் மாதிரி இரண்டு சுழி, ஒன்று திறந்தது, ஒன்று இடுங்கியது.

ஞானசிகாமணியிடம் போய்ச் சொன்னாள். அவர் தண்ணீர் குடித்தார். அப்புறம் இன்னொரு டம்ளர் குடித்தார். “யாருக்கு என்ன நட்டம் வடிவு? வெளிச்சம்தானே குடுத்தோம், இருட்டையா குடுத்தோம்? அவங்களை அங்கேருந்து எவன் கிளப்பப் போறான்? சொன்னா, உன்னை அன்னிக்கே நிப்பாட்டிருவாங்க. எனக்குச் சார்ஜ் மெமோ. சும்மா கெடக்குற சங்கை ஊதிக் கெடுக்காதே.” அது நியாயமாகத்தான் பட்டது. சம்பளம் வருகிற மாதிரி, வீட்டுக்குப் போகிற மாதிரி, நியாயம் எப்போதும் பக்கத்தில்தான் இருக்கும். ஆனால் அந்த வருஷக் கூட்டத்தில் நாற்பத்தேழு வந்தபோது அவள் வாய் ‘விலக்கு’ என்றது. கண் ள-வைப் பார்க்க, நாக்கு ல-வைச் சொல்லியது. மெல்ல, பல்லுக்குப் பின்னால் நாக்கு நுனியை வைத்து, கோவிலில் பிரசாதத்தைக் கீழே போட்டவள் பிறர் காணாமல் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வது மாதிரி. அப்போது பொன்னுலிங்கம் புதுத் தலைவர், ஓய்வுபெற்ற தாசில்தார், கண் மூடுகிற பழக்கம் அப்போதே உண்டு. “உம்” என்றார். டொக். அதிலிருந்து எட்டு வருஷமாக அவள் ‘விலக்கு’ என்றுதான் படிக்கிறாள். எட்டு உம், எட்டு டொக். அது போதும் என்று நினைத்திருந்தாள். யாருக்குப் போதும்? சாமிக்கா? சாமி என்ன சீராய்வுக் குழுவில் இருக்கிறதா?

“நாற்பது. ஒலிபெருக்கிக் குழாய்களைக் கட்டும் உயரம்…” நாற்பதா! முப்பத்தேழும் முப்பத்தெட்டும் முப்பத்தொன்பதும் எங்கே போய்த் தொலைந்தன. மெகபூப் பீவி கைப்பையைத் திறந்து ஏலக்காய் எடுத்து வாயில் போட்டாள். கதவுக்கு அப்பால் மத்தியானச் சாப்பாட்டுப் பொட்டலங்கள் வந்து இறங்குகிற சத்தம், பிரியாணி வாசம் கதவிடுக்கில் விரல் நுழைத்துப் பார்த்தது. எதிர்வரிசையில் நகரமைப்பு அலுவலர் விஜயராகவன் கால்மேல் கால் போட்டுச் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார். கால்வாய்க் கரையில் நடைபாதைப் பூங்கா வருகிறது, படம்கூட வரைந்தாயிற்று. அந்தப் படத்தில் பகல்தெரு இருக்கிற இடத்தில் ஒரு அம்மாவும் குழந்தையும் பலூனோடு நடந்து போகிறார்கள். முந்தாநாள் அவர் இவள் இருக்கைக்கே வந்தார். “ஏம்மா, அந்த நாற்பத்தேழு பிரின்ட் ஒண்ணு குடு. அந்தத் தெருக்காரங்க எங்களுக்கு விலக்கு இருக்கு, விலக்கு இருக்குன்னு ஒரே கூச்சல்.” வாங்கி நின்றபடியே படித்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “விலக்கும் இல்ல ஒண்ணும் இல்ல. விளக்குதான் இருக்கு. அதான் முப்பத்தாறு குடுத்தாச்சே! காது மந்தம் ஜனங்களுக்கு. சரி, வெள்ளிக்கிழமை கூட்டத்துல இந்த வருஷ முத்திரை விழுந்துரட்டும். முத்திரை போட்ட காப்பி இல்லாம நோட்டீஸ் ஒட்டினா கோர்ட்டுல நிக்காது.” அவர் போனபிறகும் அந்தச் சிரிப்பு அவள் மேஜைமேல் உட்கார்ந்திருந்தது. வேறொரு மேஜையில் இன்னொன்று உட்கார்ந்திருந்தது: அவளை நிரந்தரப் பணியில் எடுப்பதற்கான கோப்பு. பதினோரு வருஷத்துக்குப் பிறகு ஆணையர் மேஜைவரை ஏறி, ஒரே ஒரு கையெழுத்துக்காகக் காத்துக்கிடக்கிறது. ஒரு எழுத்து ஒரு பக்கம், ஒரு கையெழுத்து ஒரு பக்கம். தராசுக்கு வேலையே இல்லை, எது கனம் என்று எல்லோருக்கும் தெரியும். தனக்கும் தெரியும் என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது.

“நாற்பத்தொன்று.” டொக். “நாற்பத்திரண்டு.” டொக். சிறுவயதில் அப்பா கதை சொல்லும்போது உம் கொட்ட வேண்டும். அரிசி ஆலையிலிருந்து உடம்பெல்லாம் தவிட்டுத் தூசியோடு வருவார், குளிக்கிறதற்கு முன்னால் ஒரு கதை. “உம் கொட்டு பிள்ளே. நீ உம் கொட்டுற வரைக்கும்தான் ராசா மவன் நடப்பான். நிப்பாட்டினே, நடுக்காட்டுல அப்படியே நின்னுருவான் பாத்துக்க. ஒரு கால் தரையில, ஒரு கால் அந்தரத்துல. பசிக்கும், தாகம் எடுக்கும், புலி வரும், பாவம் ஓடவும் முடியாது. அந்தப் பாவம் ஆருக்கு? உனக்குத்தான்.” தூக்கத்தில் சொக்கினாலும் உம் உம் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள், கதை எங்கே போகிறது என்று தெரியாது, ராஜகுமாரன் நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான். ஒருநாள் அப்பாவே பாதியில் நிறுத்திவிட்டார். இவள் உம் என்றாள். அவர் பேசவில்லை. உம். உம்? கண் விழித்துப் பார்த்தால் சிரித்துக்கொண்டிருக்கிறார். “நீ கேக்கியா, இல்ல உம் மட்டும் கொட்டுதியான்னு பாத்தேன். கடைசியா ராசா மவன் எங்க நின்னான், சொல்லு.” அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அழுகை வந்தது. இன்றைக்கு அந்த ராஜகுமாரன் எங்கே இருப்பான். கால் இறக்கி வைத்திருப்பானா.

“எக்கா, நீங்க அங்ஙன வேலை பாக்கியல்லா?” என்று நேற்று தங்கபுஷ்பம் கேட்டாள். பகல்தெருவில் ஒன்பதாம் நம்பர் வீடு. பீடி சுற்றுகிறவள், சாயங்காலமானால் முறத்தை எடுத்துக்கொண்டு தன் வீட்டு விளக்குக் கம்பத்தடியில் உட்கார்ந்துவிடுவாள். இவள் பஸ்ஸுக்குப் போகிற வழி அது. எட்டு வருஷமாக வேறு வழியில் சுற்றித்தான் போய்க்கொண்டிருந்தாள், நேற்று மழை வரும்போலிருக்கிறதென்று குறுக்கே போனாள். வினை. “ஒரு பேப்பர் எழுதித் தாங்கக்கா. எங்க மாமனாரு சாகுற வரைக்கும் சொல்லுவாரு, நம்ம தெருவுக்கு விலக்கு இருக்கு, அந்தக் காலத்து சேர்மன் எழுதி வச்சிருக்காருன்னு. இப்பப் போயிக் கேட்டா விளக்குதான் இருக்குன்னு அந்த ஆபீசரு சிரிக்காரு. வெளக்க நாங்க கேட்டமா? கண்ணுல வெளிச்சம் குத்துதுன்னு ஜன்னலுக்குச் சாக்குல்லா கட்டி வச்சிருக்கோம்!” சொல்லிவிட்டுத் தங்கபுஷ்பமே சிரித்தாள், விரல் மட்டும் நிற்காமல் இலையைச் சுருட்டி நூல் கட்டிக்கொண்டிருந்தது. “ஆனா ஒண்ணுக்கா, இந்த வெளக்கப் போட்டவனுக்குப் புண்ணியம். இதுக்கடியிலதான் என் மூத்தவ படிச்சு நர்சாயிட்டா. எவன் கையெழுத்தோ, எவன் புண்ணியமோ, நல்லாருக்கட்டும்.” நல்லாருக்கட்டும். இவள் குடையை மடக்கி, விரித்து, மறுபடி மடக்கினாள். எவள் என்று சொல்ல வாய் வந்தது, வந்த இடத்தில் நின்றது. “மனு எழுதினா மட்டும் என்ன ஆவப்போவுது புஷ்பம்” என்றாள். சின்னக் குரலில். “என்ன சொன்னிய, கேக்கலியே?” என்றாள் தங்கபுஷ்பம். “ஒண்ணுமில்ல.” ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, பஸ்ஸில் ஏறி வீடு வரைக்கும் ஒண்ணுமில்ல.

“நாற்பத்துநான்கு. சுவர்களில் சுவரொட்டி ஒட்டுதல்.” உம். “நாற்பத்தைந்து. பொதுக்கிணறுகளின் சுற்றுச்சுவர்.” உம், டொக். ஞானசிகாமணி ஓரக்கண்ணால் இவளைப் பார்த்தார். காலையில் படியேறும்போது ஒரே ஒரு வார்த்தை சொன்னார், கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டு. “ரெண்டு மாசம் வடிவு. ரெண்டு மாசத்துல ரிட்டயர்மென்ட். சிவனேன்னு படிச்சிட்டு வந்துரு.” மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் புருஷன் காரியத்துக்கு வந்து நின்ற மனுஷன், முதல் வேலைநாளில் வீட்டிலிருந்து தயிர்சாதம் கொண்டுவந்து கொடுத்த மனுஷன். நல்லவர்கள் கட்டுகிற கயிறு வெளியே தெரியாது, பூச்சரம் மாதிரிதான் இருக்கும். வேண்டாம், வழக்கம்போல ல-வை மெல்லச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஒன்பதாவது ல. அது அவளுக்கும் சாமிக்கும் தெரியும், விஜயராகவனுக்குத் தாள்தான் தெரியும், திங்கட்கிழமை பசை டப்பா. அந்த நர்ஸ் பெண் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வரும்போது கதவில் தாள் ஒட்டியிருக்கும், முப்பத்தாறு விளக்கும் எரிந்துகொண்டிருக்கும், தாளைப் படிக்க வெளிச்சத்துக்கு என்ன குறை. எழுத்துக்கூட்டிப் படிக்கலாம்.

“நாற்பத்தாறு. கால்வாய், ஓடை, குளக்கரைகளில் உள்ள ஆக்கிரமிப்புகளை ஆணையர் முன்னறிவிப்பு அளித்து அகற்றலாம்.” உம். விஜயராகவன் செல்போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். “நாற்பத்தேழு” என்றாள். டொக். நாற்பத்தாறு நிறைவேறிவிட்டது. தாளில் குண்டு ள உட்கார்ந்திருந்தது, பதினோரு வருஷமாக அதே இடத்தில். ஒரு வருஷம்கூட மூப்படையவில்லை. “மேற்கண்ட விதியின்கீழ் வரும் கால்வாய்க்கரைத் தெருவின் முப்பத்தாறு வீடுகளுக்கு மட்டும்…” நாக்கு நுனி பல்லுக்குப் பின்னால் போய் நின்றது. “விலக்கு அளிக்கப்படும்.”

“உம்.”

ஞானசிகாமணி முத்திரையைத் தூக்கினார். தூக்கின கை அடுத்த எண்ணுக்காக அந்தரத்தில் நின்றது. அவள் நாற்பத்தெட்டைப் பார்த்தாள். கோழி இறைச்சிக் கடைகள். அதைச் சொல்ல வாயைத் திறக்கப் போனாள், வாய் திறக்கவில்லை. சொல்லக்கூடாது என்று அவள் தீர்மானித்ததாக அவளுக்கு ஞாபகமில்லை. பதினோரு வருஷம் அவளைக் கேளாமல் ஓடின வாய் இப்போது அவளைக் கேளாமல் நின்றுவிட்டது. வாளியில் ஒரு சொட்டு. இன்னொன்று. யாரும் கவனிக்கவில்லை. மெகபூப் பீவி ஏலக்காய்த் தோலை எங்கே துப்புவது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். “வடிவு” என்றார் ஞானசிகாமணி, உதடு அசையாமல். “நாப்பத்தெட்டு.” இன்னொரு சொட்டு. முத்திரை பிடித்த கை இன்னும் அந்தரத்திலேயே. பாவம், வயசான கை, எவ்வளவு நேரம் தூக்கிவைத்திருக்கும்.

“உம்?” என்றார் தலைவர். ஒன்பது வருஷத்தில் முதல்தடவையாக அந்த உம் நுனியில் மேலே வளைந்தது. கண்ணைத் திறந்தார். “என்னம்மா, பக்கம் ஒட்டிக்கிச்சா?”

“இல்ல சார். இதுல ஒரு எழுத்து தப்பா இருக்கு.” மைக் அதை வாங்கி அறை முழுக்கக் கொட்டியது. தன் குரல் இவ்வளவு பெரிதா. “தட்டினது நான்தான். பழைய புத்தகத்துல சின்ன ல. விலக்கு. நான் குண்டு ள போட்டுட்டேன். அதனாலதான் அந்தத் தெருவுல முப்பத்தாறு விளக்கு நிக்குது.”

முதலில் மெகபூப் பீவிக்குத்தான் புரிந்தது. “அடி ஆத்தி!” என்று மார்பில் கை வைத்தாள். “அப்ப அந்தக் கோழி கூவுனதெல்லாம் ஒன்னாலயா?” யாரோ குபுக்கென்று சிரித்து, சிரிப்பை அடக்கி இருமினார்கள். விஜயராகவன் சிரிக்கவில்லை. எழப்போனார், விதி எண் ஒன்று ஞாபகம் வந்து உட்கார்ந்தார். “சார், பழைய புத்தகம் இருக்கா? இல்ல. தாள்ல என்ன இருக்கோ அதுதான் விதி. கையெழுத்துப் போட்டுச் சரிபார்த்த தாள் இது. ஒரு டெம்ப்ரவரி ஸ்டாஃப் வாயால சொல்றதெல்லாம் எடுத்துக்க முடியாது.” டெம்ப்ரவரி ஸ்டாஃப் என்று சொன்னபோது அவர் பார்வை அவளைத் தாண்டி, சுவரைத் தாண்டி, ஆணையர் மேஜையில் கிடக்கிற கோப்புவரைக்கும் போய்த் திரும்பியது. அவளும் கூடவே போய்ப் பார்த்தாள். கோப்பு மூடிக்கொண்டது. சரி. அது மூடுகிற சத்தம் அவள் நினைத்த அளவுக்குப் பெரிதாக இல்லை. ஞானசிகாமணியைப் பார்க்கத்தான் முடியவில்லை. தூக்கின முத்திரையின் நிழல் மட்டும் தாளில் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, “அந்த முத்திரைல என்ன இருக்கு சார்?” என்றாள். “எழுதப்பட்டபடின்னு இல்லையே. வாசிக்கப்பட்டபடின்னுதான இருக்கு. எட்டு வருஷமா நான் விலக்குன்னுதான் வாசிக்கேன். இப்பவும் அப்படித்தான் வாசிச்சேன்.”

“அதை எவன்மா கேட்டான்?” என்றார் விஜயராகவன்.

அந்தக் கேள்வி மேஜைமேல் விழுந்து, உருண்டு, தலைவரின் முன்னால் போய் நின்றது. எல்லோரும் பொன்னுலிங்கத்தைப் பார்த்தார்கள். கேட்டேன் என்றால் எட்டு வருஷமாக அந்தத் தெருவுக்கு விலக்கு. கேட்கவில்லை என்றால் அவர் உம் சொன்ன நாற்பத்தேழும், நாய்க்கும் பன்றிக்கும் வாழையிலைக்கும் இல்லாத குதிரைக்கும் அவர் சொன்ன எட்டு வருஷத்து உம்மும் என்ன ஆவது. கடைசியாக ராசா மவன் எங்கே நின்றான், சொல்லு. தாசில்தாராக இருந்தவர், அவருக்கு அது யாரும் சொல்லாமலே தெரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடி கழற்றினார். கதவை யாரோ வெளியிலிருந்து தட்டி, “சார், சாப்பாடு ஆறுது” என்றார்கள். திறக்க முடியாது. எழுந்துபோகவும் முடியாது. ஐம்பத்திரண்டும் முடிய இன்னும் ஐந்து விதி பாக்கி.

“நாற்பத்தேழை இன்னொருதரம் படிம்மா” என்றார் கடைசியில், மெதுவாக.

படித்தாள். ஏழு பேரும் ஒரு எழுத்துக்காகக் காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்ததை அந்த அறை முன்பு பார்த்திருக்காது. மெகபூப் பீவியின் தாடைகூட நின்றுவிட்டது. “முப்பத்தாறு வீடுகளுக்கு மட்டும்” என்று வந்து, மூச்சு வாங்கி, “விலக்கு அளிக்கப்படும்” என்றாள். தலைவர் வாய் திறந்தார். பழக்கம், திறந்த வாயிலிருந்து தன்னால் வந்துவிட்டது.

“உம்.”

ஞானசிகாமணியின் கை கீழே இறங்கப் பார்த்தது. அடுத்த எண் அவள் வாயிலிருந்து வராமல் அது இறங்கக் கூடாது. நாற்பத்தெட்டு அவள் நாக்கு நுனியில், பல்லுக்குப் பின்னால், ல நிற்கிற இடத்திலேயே வந்து நின்றது. அவள் அதை விடவில்லை.

“சார்” என்றாள், “இந்த உம் எந்த எழுத்துக்கு?”